பாலையில் குவாட் பைக்: ஷார்ஜாவின் மணலா, ஜெய்சல்மேரின் நாட்டுப்புறமா?

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு வட்டாரக் குடும்பங்கள் அரையாண்டு விடுமுறைக்கோ பொங்கல் விடுமுறைக்கோ பாலைவனம் பார்க்கப் போகலாம் என்று பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் இரண்டு இடங்களில் வந்து நிற்கிறது. ஒன்று ஷார்ஜா, துபாய் பக்கத்துச் செம்மணல். மற்றொன்று ராஜஸ்தானின் ஜெய்சல்மேர். பின்னலாடை வணிகத்துக்காக அமீரகம் போய்வருகிறவர்களுக்கும் ஒரு நாள் ஓய்வு கிடைக்கும்போது இதே ஆசை எழுகிறது. இரண்டு ஊர்களிலும் வழிகாட்டியின் துணையுடன் குவாட் பைக் என்னும் நான்கு சக்கரத் திறந்த வண்டியை ஓட்டலாம் என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. படங்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. உண்மையில் அவை வெவ்வேறு நிலங்கள், வெவ்வேறு அனுபவங்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வண்டி ஓட்டுவதுதான் நோக்கம் என்றால் அமீரகத்துக்குப் போகலாம், பாலையின் நாட்டுப்புறத்தைப் பார்ப்பது நோக்கம் என்றால் ஜெய்சல்மேர் இருக்கும் தார் பாலைக்குப் போகலாம், ஆனால் அங்கே குவாட் பைக்கில் ஏறாமல் ஒட்டகத்திலோ ஜீப்பிலோ போவதே பொருத்தம். ஒரே பயணத்தில் இரண்டையும் எதிர்பார்ப்பவர்கள் இரண்டிலுமே குறைபட்டுத் திரும்புகிறார்கள்.

முதலில் வண்டியைப் பற்றித் தெளிவு வேண்டும். நான்கு சக்கரம் இருப்பதால் காரைப்போல் நிலையானது என்றும், கைப்பிடி இருப்பதால் நம் பைக்கைப்போல் ஓட்டிவிடலாம் என்றும் எண்ணத் தோன்றும். இரண்டு எண்ணமும் ஆபத்தானவை. ஹோண்டா நிறுவனம் 1970இல் இந்த வகை வண்டியை மூன்று சக்கரத்துடன்தான் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சுசுகி 1982இல் நான்கு சக்கர வண்டியை விற்கத் தொடங்கியது. மூன்று சக்கர வண்டிகள் கவிழ்ந்து ஏராளமானோர் காயமடைந்ததைத் தொடர்ந்து, 1988இல் அமெரிக்காவில் அவற்றின் புதிய விற்பனையே நிறுத்தப்பட்டது. நான்காவது சக்கரம் வந்த பிறகும் கவிழும் இயல்பு முற்றிலும் போய்விடவில்லை, ஏனெனில் வண்டியின் அகலம் குறைவு, ஓட்டுபவர் உட்காரும் இடம் உயரம், கவிழ்ந்தால் மேலே விழும் எடையோ பல மாதிரிகளில் 300 கிலோவை ஒட்டியது. இதே காரணத்தால்தான் ஆஸ்திரேலியா 2021 அக்டோபர் முதல், புதிதாக விற்கப்படும் பொதுப் பயன்பாட்டுக் குவாட் பைக்குகள் எல்லாவற்றிலும் ஓட்டுநரைக் காக்கும் பாதுகாப்புச் சட்டகம் இருக்க வேண்டும் என்று விதித்தது. சுற்றுலா இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும் வண்டிகளில் அத்தகைய சட்டகத்தை எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஓட்டுபவரின் உடல் அசைவும் வழிகாட்டியின் தேர்ச்சியும்தான் அங்கே பாதுகாப்பு.

நம் பகுதியில் பதினெட்டு வயதைத் தாண்டிய பலரும் இருசக்கர வண்டி ஓட்டுகிறவர்கள் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: பைக் நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்குத்தான் குவாட் பைக்கில் முதல் அரை மணி நேரம் அதிக இடர். பைக்கில் வலது கைப்பிடியை முறுக்கி வேகம் கூட்டுகிறோம். இங்கே வலது கைக் கட்டைவிரலால் ஒரு சிறிய நெம்புகோலை அழுத்த வேண்டும். மேடு பள்ளத்தில் உடல் குலுங்கும்போது கட்டைவிரல் தானாகவே அதை அழுத்திவிடும். பைக் சாய்ந்தால் உடனே காலை ஊன்றுவது நமக்கு ஊறிப்போன பழக்கம். குவாட் பைக்கில் காலை இறக்கினால் அது நேராகப் பின்சக்கரத்தின் முன்னால் போய் மாட்டிக்கொள்ளும். திருப்பத்தில் பைக் தானே சாய்ந்து கொடுக்கும். இது சாயாது, ஆகவே ஓட்டுபவர் இருக்கையிலிருந்து சற்றே எழுந்து, திரும்பும் பக்கமாகத் தன் உடல் எடையை மாற்ற வேண்டும். ஏற்றத்தில் முன்னோக்கியும் இறக்கத்தில் பின்னோக்கியும் சாய வேண்டும். இவற்றை யாராவது நின்று நிதானமாகச் செய்துகாட்டி, நம்மையும் சமதரையில் சில சுற்றுகள் செய்ய வைத்து, அதன் பிறகே மணலுக்குள் அழைத்துப் போக வேண்டும். வழிகாட்டி என்பவருக்குக் கொடுக்கும் பணம் முதலில் இந்தக் கால் மணி நேரத்துக்கானது என்றே நான் கருதுகிறேன். முடிந்தவர்கள் புறப்படுவதற்கு முன் நம் பக்கத்து ரிசார்ட்டுகளில் இருக்கும் ஏ.டி.வி. (குவாட் பைக்கின் இன்னொரு பெயர்) ஓட்டப்பாதை ஒன்றில் ஏறிப் பார்ப்பது நல்லது. மணலும் செம்மண் தரையும் ஒன்றல்ல என்றாலும், கட்டைவிரலுக்கும் காலுக்கும் பழக்கம் வந்துவிடும்.

இயந்திரத் தொழில் ஊறிய மண்ணில் பிறந்த நமக்கு, எந்த வண்டியைப் பார்த்தாலும் எத்தனை சிசி என்று கேட்பதுதான் முதல் வேலை. இந்த முடிவில் அந்தக் கேள்விக்கு இடம் மிகக் குறைவு. யமஹா ராப்டர் 700 போன்ற விளையாட்டு வகை வண்டிகள் 686 சிசி இன்ஜினும் ஏறத்தாழ 190 கிலோ எடையும் கொண்டவை. எடையில் நம் புல்லட்டுக்குச் சமம், கியரும் கிளட்சும் கையாள வேண்டும், வேகமாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கே உரியவை. தானியங்கி கியர் கொண்ட பயன்பாட்டு வகை வண்டிகள் எடை கூடியவை, வேகம் குறைந்தவை, கட்டைவிரலையும் பிரேக்கையும் மட்டும் கவனித்தால் போதும். முதன்முறை ஓட்டுபவர், அதிலும் சுற்றிலும் பார்த்துக்கொண்டே போக விரும்புபவர், தானியங்கி வண்டியைக் கேட்டு வாங்குவதே முறை. அதிக சிசிக்கு அதிகக் கட்டணம் கேட்பார்கள். அந்தப் பணத்தைக் கூடுதல் நேரத்துக்குக் கொடுக்கலாம்.

இடத்தைத் தேர்வு செய்வதற்கும் முன்பே தீர்மானிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. குவாட் பைக் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்களை விற்கிறார்கள். மாலை நேரப் பாலைவனப் பயணத் தொகுப்போடு சேர்த்துத் தரும் இருபது முப்பது நிமிட ஓட்டம் ஒன்று. கூடாரத்துக்குப் பக்கத்தில் கயிறோ வேலியோ கட்டிய வளையத்துக்குள், ஏற்கெனவே நூறு வண்டிகள் உழுது குழியாக்கிய மணலில், முன்னால் போகிற வண்டியின் புழுதியைக் குடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவது அது. வழிகாட்டி வேலிக்கு வெளியே நின்று கையசைப்பார். மற்றொன்று தனியாகப் பதிவு செய்யும் வழித்தடப் பயணம்: முன்னால் ஒரு வழிகாட்டி, குழு பெரிதானால் கடைசியில் இன்னொருவர், நடுவில் நான்கைந்து வண்டிகள், ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் வரை மணற்குன்றுகளுக்கிடையே நெடுந்தூரம் போய்வருவது. முதல் வகையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதில் பாலையும் தெரியாது, ஓட்டவும் கற்க முடியாது, நெரிசலால் மோதலுக்கு வாய்ப்பும் அதிகம். தொகுப்பில் இலவசமாகச் சேர்ந்திருக்கிறது என்பதற்காக ஏறுவதைவிட, அந்த நேரத்தில் குன்றின் உச்சிக்கு நடந்து போய் உட்கார்ந்திருக்கலாம்.

அமீரகத்தில் இந்த இரண்டாவது வகை நன்றாகவே வளர்ந்திருக்கிறது. துபாயிலிருந்து ஹத்தா போகும் சாலையில் லஹ்பாப் பகுதியும், ஷார்ஜா எல்லைக்குள் அல் பதாயர் பகுதியும், அதற்குச் சற்று வடக்கே மலீஹாவும் இதற்குப் பெயர் பெற்றவை. மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் இங்கே மணல் செந்நிறமாக இருக்கிறது. நம் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடு சிவந்திருப்பதற்கும் காரணம் அதுவே. செம்மணலைக் கண்ணால் பார்த்தால் போதும் என்பவர்கள் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, திருச்செந்தூர் போகும் வழியில் தேரியில் நடந்தே பார்த்துவிடலாம். ஆனால் மணற்குன்றின் மேல் வண்டி ஓட்டுவதற்கான ஏற்பாடு அமீரகத்தில்தான் இருக்கிறது. மலீஹாவை நான் குறிப்பாக விரும்புவதற்குக் காரணம் உண்டு. கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள் நிறைந்த பாறைக் குன்று அங்கே மணலுக்கு நடுவே எழுந்து நிற்கிறது. பக்கத்து ஃபாயா மலையடிவாரத்தில் இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தைய மனிதர்கள் தங்கியதற்கான தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஃபாயா நிலப்பரப்பை யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. ஓட்டத் தெரிந்தவர்கள் மணலில் ஓட்டிவிட்டு வரும்வரை மற்றவர்கள் தொல்லியல் மையத்தையும் வெண்கலக் காலக் கல்லறையையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். கலப்பான வயதுடைய குடும்பத்துக்கு இது பெரிய வசதி.

மணற்குன்றில் ஓட்டும்போது வழிகாட்டி எதற்குத் தேவை என்பதை, குன்று உருவாகும் விதத்தை அறிந்தால் புரிந்துகொள்ளலாம். காற்று வீசும் பக்கத்தில் குன்று மெல்ல ஏறுகிறது, பத்துப் பதினைந்து பாகைச் சரிவுதான். உச்சிக்கு அப்பால், காற்று மறைந்த பக்கத்தில், உருண்டு விழுந்த மணல் முப்பது முதல் முப்பத்து நான்கு பாகை வரையிலான செங்குத்துச் சரிவாக நிற்கிறது. ஏறுகிறவருக்கு உச்சியில் வானம் மட்டும்தான் தெரியும். மறுபக்கம் பள்ளமா, வேறு வண்டி நிற்கிறதா என்று தெரியாது. வேகத்தைக் குறைத்தால் மென்மணலில் சக்கரம் புதையும், குறைக்காமல் போனால் உச்சியைத் தாண்டிப் பறக்க நேரும். நேற்றிருந்த உச்சி இன்று காற்றில் இடம் மாறியிருக்கும் என்பதால், முன்பு வந்தவர்கள்கூட நினைவை நம்பி ஓட்ட முடியாது. நல்ல வழிகாட்டி உச்சியை நேராகத் தாண்ட மாட்டார். தானே முதலில் ஏறி நின்று, கையசைத்து ஒவ்வொருவராக அழைப்பார், குழுவில் தளர்ந்து ஓட்டுபவரைத் தனக்கு அடுத்த இடத்தில் வைத்துக்கொள்வார். சக்கரத்தில் காற்றழுத்தத்தையும் அவர் பார்த்து வைத்திருக்க வேண்டும். குவாட் பைக் டயர்களில் காற்று வழக்கமாக 4 முதல் 7 பிஎஸ்ஐ அளவுதான். கார் டயரில் 30 பிஎஸ்ஐக்கு மேல் பழகிய நமக்கு அது பஞ்சர் ஆனதுபோல் தெரியும், ஆனால் அந்தத் தளர்ச்சியால்தான் டயர் அகன்று மணலின் மேல் மிதந்து போகிறது.

இனி ஜெய்சல்மேர். நகரத்துக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் சம் மணற்குன்றுகளும், தென்மேற்கே ஏறத்தாழ அதே தூரத்தில் குரி கிராமமும் இருக்கின்றன. சம் பக்கம் கூடாரங்கள் வரிசையாக நிற்கின்றன, குவாட் பைக்கும் ஜீப்பும் ஒட்டகமும் ஒரே குன்றில் நெருக்கிக்கொள்கின்றன. அங்கே கிடைப்பது பெரும்பாலும் நான் மேலே விலக்கச் சொன்ன குறுகிய ஓட்டம்தான். குன்றுகளின் பரப்பும் உயரமும் அமீரகத்தை எதிர்பார்த்துப் போகிறவருக்குப் போதாது. ஆனால் இதை வைத்துத் தாரைக் குறைத்து எடைபோடுவது தவறு. தார் வெறும் மணல் அல்ல. உலகப் பாலைகளுள் மக்கள் அடர்ந்து வாழும் பாலை அது. கம்பங்காடு, கிணறு, ஆட்டுப்பட்டி, கோயிலுக்கென்று விட்ட ஓரண் என்னும் மேய்ச்சல் காடு, வட்டக் குடிசைகள் என்று மனிதர் வாழும் நாட்டுப்புறமே அங்கே பார்க்க வேண்டியது.

அந்த நாட்டுப்புறம் கொங்கு மண்ணைச் சேர்ந்தவருக்கு வியப்பூட்டும் அளவுக்குப் பழக்கமானது. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலிக்குள் வளரும் கொழுக்கட்டைப்புல்லும், தாரின் மேய்ப்பர்கள் தாமன் என்று சொல்லி ஆட்டுக்கும் மாட்டுக்கும் விடும் புல்லும் ஒரே இனம். கொடுமுடி மகுடேசுவரர் கோயிலில் நாம் சுற்றி வந்து வணங்கும் வன்னி மரம்தான் ராஜஸ்தானின் மாநில மரமான கேஜ்ரி. அமீரகத்தின் தேசிய மரமான காஃப் மரமும் அதே வன்னிதான். ஜோத்பூருக்கு அருகே கேஜர்லி கிராமத்தில், 1730இல், இந்த மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர் கொடுத்தார்கள். மழை பொய்த்த ஆண்டில் தழையைத் தீவனமாகவும் காயைக் கறியாகவும் தந்து ஊரைக் காப்பாற்றும் மரத்துக்காக அவர்கள் செய்தது அது. இப்படிப்பட்ட நிலத்தில் ஒலி எழுப்பி, புழுதி கிளப்பி, தடம் இல்லாத இடத்தில் வண்டியை விடுவது எனக்கு ஒவ்வவில்லை. சம், குரி இரண்டும் 3,162 சதுர கிலோமீட்டர் பரந்த பாலைவனத் தேசியப் பூங்காவை ஒட்டியவை. அருகிப்போன கானமயில் பெரும்பாலும் இந்த வட்டாரத்தில்தான் எஞ்சியிருக்கிறது. அது தரையில், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும் பறவை. தடம் விட்டு விலகிய ஒரு சக்கரம் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சரளை நிலத்தின் மேற்பரப்பில் படிந்திருக்கும் மெல்லிய ஓடு ஒருமுறை உடைந்தால், அந்தச் சக்கரத் தடம் ஆண்டுக்கணக்கில் அழியாது.

ஒட்டகத்தைப் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2012 கணக்கெடுப்பில் நாட்டில் ஏறத்தாழ 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019இல் 2.5 லட்சமாகக் குறைந்துவிட்டன. டிராக்டர் வந்த பின் காங்கேயம் காளைகளுக்கு நேர்ந்ததைக் கண்ணால் கண்ட நமக்கு, வேலை இல்லாத கால்நடை எப்படி மறைகிறது என்பது தெரியும். குரி பக்கத்தில் ஒரு மேய்ப்பர் குடும்பத்துடன் காலையில் புறப்பட்டு, ஓரண் வழியாக நடந்தும் ஒட்டகத்தில் ஏறியும், ஒரு கிணற்றடியில் உண்டு, மாலையில் குன்றுக்கு வந்து சேரும் பயணத்தில் தெரியும் நாட்டுப்புறம் எந்த இன்ஜின் வண்டியிலிருந்தும் தெரியாது. நேரம் குறைவு என்றாலோ, முதுகு ஒத்துழைக்காது என்றாலோ, இருக்கும் பாதையிலேயே போகும் ஜீப் போதும்.

வீட்டுப் பெரியவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அப்புச்சியும் அமுச்சியும் கூட வருகிறார்கள் என்றால், அவர்களைக் குவாட் பைக்கின் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும். ஒருவருக்கென்று வடிவமைத்த வண்டியில் இரண்டாமவர் ஏறினால் எடை பின்னால் போய், ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும். இருவர் அமர வடிவமைத்த வண்டியாக இருந்தாலும், பின்னால் இருப்பவர் திருப்பத்துக்கேற்ப உடலை மாற்றத் தெரியாமல் விறைத்து உட்கார்ந்திருப்பார். ஓட்டவும் வேண்டும், துணையும் வேண்டும் என்பவர்களுக்குப் பக்கி வண்டி ஏற்றது: காரைப்போல் ஸ்டியரிங், பக்கத்தில் இருக்கை, சீட் பெல்ட், மேலே இரும்புக் கூண்டு. கட்டணம் கூடுதல், ஆனால் கணவன் மனைவியாகவோ அண்ணன் தங்கையாகவோ போகிறவர்களுக்கு நான் குவாட் பைக்கைவிட இதையே முன்வைப்பேன். பெரிய ஜீப்பில் குன்றேறி இறங்கும் பயணத்தை எல்லோருக்கும் பொதுவானது என்று நினைக்கிறார்கள். முதுகுத்தண்டுவட நோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் அதில் ஏறக் கூடாது, மற்றவர்களும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஏறுவதே நல்லது. பெரியவர்களுக்குக் குன்றேறாமல் தடத்தில் மட்டும் போகும் ஜீப் என்று கேட்டுப் பதிவு செய்யலாம், கேட்டால் தருகிறார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் தயவுதாட்சண்யம் பார்க்கக் கூடாது. பெரியவர்களுக்கான வண்டியைப் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் ஓட்டக் கூடாது என்று தயாரிப்பாளர்களே வண்டியின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதைப் படித்துக்கொண்டே பன்னிரண்டு வயதுப் பையனை ஏற்றிவிடும் இடங்களும் இருக்கின்றன, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டும் தகப்பன்மாரும் இருக்கிறார்கள். சிறுவர்களுக்கென்று 50, 90 சிசி வண்டிகள் உண்டு. வேகக் கட்டுப்பாடும், வழிகாட்டி இழுத்தால் இன்ஜின் அணையும் கயிறும் உள்ள வண்டியில், தனியான சமதரையில் மட்டும் அவர்கள் ஓட்டலாம்.

பருவத்தைப் பொறுத்தவரை நம் பள்ளிக் கோடை விடுமுறைக்கும் பாலைக்கும் ஒத்துவராது. ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு இடங்களுமே கொதிக்கும். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்குவதையே அரசு தடை செய்திருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரைதான் ஏற்ற காலம், ஆகவே டிசம்பர் கடைசி வாரமும் பொங்கலும்தான் நமக்கு மிஞ்சுகின்றன. அப்போது ஜெய்சல்மேரில் இரவுக் குளிர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும் என்பதால் கம்பளி தேவை. ரமலான் மாதத்தில் அமீரகத்தின் மாலை நேர ஏற்பாடுகள் மாறும். தேதியைப் பார்த்துக்கொள்வது நல்லது. நாளின் எந்த நேரம் என்றால், எல்லோரும் சூரிய அஸ்தமனத்தைக் கேட்கிறார்கள், நான் காலையைக் கேட்பேன். இரவுப் பனியில் மணல் சற்று இறுகியிருக்கும், கூட்டம் இருக்காது, சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு மேடும் நிழலுடன் தெளிவாகத் தெரியும். நண்பகல் வெளிச்சத்தில் மேடும் பள்ளமும் ஒரே தளமாகத் தெரிந்து கண்ணை ஏமாற்றும். டிசம்பர், ஜனவரியில் அமீரகத்தில் விடிகாலை மூடுபனி இறங்குவதுண்டு. அப்படியானால் விலகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

மொழியும் இந்த முடிவில் ஒரு பங்கு வகிக்கிறது. பாதுகாப்பு விளக்கம் புரியாமல் தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறுவது நம்மவர்களிடம் அதிகம். அமீரகத்து வழிகாட்டிகளில் இந்தி, உருது, மலையாளம், ஆங்கிலம் பேசுகிறவர்கள் உண்டு. பாலக்காட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் கோவை, பொள்ளாச்சிக்காரர்களுக்கு மலையாளம் ஓரளவு புரியும். ஜெய்சல்மேரில் இந்தியும் மார்வாடியும்தான். எங்கே போனாலும் நில், மெதுவாக வா, என் தடத்திலேயே வா, இன்ஜினை அணை என்ற நான்குக்கும் கைச் சைகைகளை முதலிலேயே பேசி வைத்துக்கொண்டு, குழுவில் உள்ள ஒவ்வொருவரும் அதைத் திரும்பச் செய்துகாட்டிய பிறகே புறப்பட வேண்டும். உடை விஷயத்திலும் கண்டிப்பு தேவை: தாடையில் பட்டை இறுகிய தலைக்கவசம், மூடிய காலணி, கண்ணாடி, முழுக்கை. துப்பட்டாவும் நீண்ட சால்வையும் வண்டிக்கு ஆகாது. புழுதிக்காகக் கழுத்தில் சுற்றும் துணியின் நுனியைச் சட்டைக்குள் செருகிவிட வேண்டும்.

பயண நேரம் பலரும் நினைப்பதற்கு எதிராக இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து ஷார்ஜாவுக்கு நேரடி விமானத்தில் நான்கு மணி நேரம். அபுதாபிக்கும் 2024இல் நேரடி விமானம் தொடங்கியது. ஷார்ஜாவில் இறங்கினால் அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் மலீஹா. உள்நாடு என்றாலும் ஜெய்சல்மேருக்கு விமானம் மாறியே போக வேண்டும், இல்லையென்றால் வாரம் ஒரு முறை ஓடும் ஹிசார் விரைவு ரயிலில் ஜோத்பூர் இறங்கி, அங்கிருந்து சாலையில் இன்னும் 285 கிலோமீட்டர். ஆகவே மூன்று நாள் மட்டும் கையில் இருப்பவர் ஷார்ஜாவையும், ஒரு வாரம் ஒதுக்க முடிந்தவர் ராஜஸ்தானையும் எடுத்துக்கொள்ளலாம். 1156இல் எழுப்பிய ஜெய்சல்மேர்க் கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். அதைப் பார்க்கவே இரண்டு நாள் ஆகும். லடாக்கின் நூப்ரா பள்ளத்தாக்கில் ஹுண்டர் மணற்குன்றுகளிலும் ஏ.டி.வி. ஓட்டுகிறார்கள். ஆனால் லே நகரமே 3,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் உடல் பழகச் சில நாள் வேண்டும். வண்டிக்காக மட்டும் போகும் இடமல்ல அது.

செலவை ஒப்பிடும்போது ஓட்டக் கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டு ஜெய்சல்மேர் மலிவு என்று சொல்லிவிடுகிறார்கள். சாகச விளையாட்டில் ஏற்படும் காயத்துக்குப் பல பயணக் காப்பீடுகள் பணம் தராது. பாலிசியில் மோட்டார் வண்டி, சாகசம் என்ற சொற்கள் விலக்குப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு மருத்துவச் செலவை எண்ணினால் அது சிறு தொகை. வண்டிக்குச் சேதம் நேர்ந்தால் யார் பொறுப்பு, முன்பணம் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். ஏறுவதற்கு முன் வண்டியை நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பதிவு செய்வதற்கு முன் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டிய கேள்விகள் நான்குதான்: ஓட்டம் வேலிக்குள்ளா வழித்தடத்திலா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை வண்டிகள், சமதரைப் பயிற்சி எவ்வளவு நேரம், சொல்லும் ஒரு மணி நேரத்தில் பயிற்சியும் காத்திருப்பும் அடங்குமா. நான்குக்கும் நேரான பதில் தருகிற இடத்தில் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மட்டும் காலை நேர வண்டிகளையும், மற்றவர்களுக்கு அதே நேரத்தில் தடத்தில் போகும் ஜீப் ஒன்றையும் பதிவு செய்யலாம். பதில் மழுப்பலாக வந்தால் எல்லோருக்கும் ஜீப்பே போதும்.